உப்புப் போடாத கஞ்சி

அந்தக் கஞ்சியை ஒரு வாய் குடித்ததுமே எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

நல்ல உச்சி வெயில். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தேன். கீழத்தெருவில் பாக்கியம் வீட்டு வாசலில் இறங்கியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாக்கியம் வயிற்றுப்பிள்ளைக்காரி. முகம், கை, கால் எல்லாம் வீங்கிக் கிடந்தாள். கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் விழுந்த குழி எழும்ப மாட்டேன் என்றது. அவளுக்கு உப்பைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று மாமியார் காத்தாயியிடம் நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"காத்தாயம்மா, திங்க எதாவது இருந்தா குடுங்க. பசி உயிர் போவுது" என்றேன்.

அந்த அம்மா பதறிப்போனார். "எங்க வீட்லயா? செத்த இருங்கம்மா, எளநி வெட்டச் சொல்றேன்."

"எளநி எல்லாம் வேணாம். அவளுக்கு வச்சிருக்கிற கஞ்சியிலேயே ஒரு தம்ளர் ஊத்துங்க."

தயங்கித் தயங்கித்தான் ஊற்றினார். வாங்கிக் குடித்தால், உப்பு! நாக்கில் கரிக்கிற உப்பு. நான் அந்தக் காலத்தில் கொஞ்சம் வாய்த்துடுக்கானவள். இப்போது மட்டும் என்ன என்று என் வீட்டில் கேட்பார்கள், அது வேறு விஷயம்.

"ஏம்மா, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? தொண்டத் தண்ணி வத்தக் கத்திட்டுப் போனேனே, உப்புப் போடாதீங்க உப்புப் போடாதீங்கன்னு! மருமவள உயிரோட பாக்கணுமா வேணாமா?"

காத்தாயி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மாரியாத்தா மேல ஆணையாச் சொல்றேன், ஒரு கல்லு உப்புப் போடலம்மா. உப்புச் சட்டியத் தூக்கிப் பரண்ல வச்சிட்டேன். வேணும்னா ஏறிப் பாருங்க."

உள்ளே பாயில் படுத்திருந்த பாக்கியம் குரல் கொடுத்தாள். "அத்த பொய் சொல்லாதுங்க நர்சம்மா. சப்புன்னு இருக்கு, வாயில வைக்க முடியலன்னு நாந்தான் தெனமும் சண்ட போட்டுக்கிட்டுக் கெடக்குறேன்."

எனக்கு நாக்குக் கரிக்கிற கஞ்சி அவளுக்குச் சப்பென்று இருக்கிறது. பிறகு அடுப்பு ஓரத்தில் மூடி வைத்திருந்த குடத்தைப் பார்த்தேன். அதிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

உப்பு அந்தக் குடத்துக்குள் இருந்தது.

கலர் குடித்த பெரிய மனிதர்கள்

முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமம் அது. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு, படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலை. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் என் தலையில்தான்.

அந்தத் தெருவுக்கு வாரம் தவறாமல் போய் வந்துகொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு வரைக்கும் அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. எப்படி என்கிறீர்களா? யாரும் கொடுத்ததில்லை.

கொடுக்க மனசில்லாமல் இல்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் பானையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நீட்டி, அவர்கள் வேண்டாம் என்று சொல்லி, முகம் சுருங்குவானேன் என்று அவர்களே முந்திக்கொள்வார்கள். வாத்தியார் வந்தால் இளநீர். ஆபீசர் வந்தால் கடைத்தெருவுக்கு ஆள் ஓடிக் கலர் சோடா வாங்கி வரும். நர்சம்மாவுக்கும் அதே மரியாதைதான். நானும் நம்மை எப்படித் தாங்குகிறார்கள் பாரேன் என்று இளநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்தக் குடத்தில் இருந்தது தெரு அடி பம்புத் தண்ணீர். அந்தப் பம்பு வந்த கதையைக் கேளுங்கள். திறப்பு விழாவுக்குத் தோரணம், மைக் செட் எல்லாம் உண்டாம். கரைவேட்டிக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்களாம். பெரியவர் ஒருவர் பம்புக்கு மாலை போட்டு, கைப்பிடியை அமுக்கி, கொட்டிய தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுக் கை தட்டினாராம். எல்லோரும் தட்டினார்கள். அப்புறம் வந்திருந்த அத்தனை பேருக்கும் மரியாதையாகக் கலர் உடைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஆக, அந்தத் தண்ணீரை வெளியாள் ஒருவர்கூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை. தெருக்காரர்களுக்கோ நாக்குப் பழகிவிட்டது. முதலில் லேசாகத்தான் கரித்திருக்கும். வருஷம் போகப் போகக் கூடியது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

முள் வைத்து அடைத்த குளம்

பம்பு வருவதற்கு முன்னால் அவர்கள் குடித்தது மிராசுதார் குளத்துத் தண்ணீர். ஊர்க் கோடியில் பெரிய குளம். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும். தேன் மாதிரி இருக்கும் என்பார்கள். அதில் ஒரு மூலையில் மட்டும் கீழத்தெருக்காரர்கள் குடம் முக்கிக்கொள்ளலாம். பண்ணை வீட்டுக்காரர்கள் பார்த்து ஏதாவது சொன்னால் கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சென்னையில் புது ஆட்சி வந்து, இனி உழுகிறவனுக்கு ஒரு வழி பிறக்கும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். இங்கே வரப்பில் நிலைமை வேறாக இருந்தது. ஒவ்வொரு அறுப்புக்கும் நெல் கூலியில் சண்டை. ஒரு வருஷம் கீழத்தெரு ஆட்கள் அரிவாளை எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட, மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அடிதடி ஆயிற்று. போலீஸ் வந்தது. பாக்கியத்தின் புருஷன் கலியபெருமாளுக்கு அப்போதுதான் தோள்பட்டை இறங்கியது. மறுநாள் காலையில் பெண்கள் குடத்தோடு போனால், குளத்தின் அந்த மூலையைக் கருவ முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் சங்கக் கொடிமரத்தடியில் தெருவே கூடியது. தாம்பாளத்தில் சூடம் கொளுத்தினார்கள். "இனிமே அந்தக் கொளத்துல எங்க குடம் எறங்காது" என்று சத்தியம் செய்து ஒவ்வொருவராக உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார்கள். அணைய அணையக் கொளுத்தினார்கள். பெண்களில் முதலில் கையை நீட்டியவள் பாக்கியம். கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததாம். புதுப்பெண் முந்துகிறாளே என்று காத்தாயிக்குக்கூட முதலில் கோபம்.

அப்புறம் மனு, ஊர்வலம், மறியல். கடைசியில் பம்பு வந்தது. யாரிடமும் கையேந்தாமல், யார் ஏச்சும் கேட்காமல், தங்கள் தெருவில் தாங்களே அமுக்கித் தாங்களே குடிக்கிற தண்ணீர். அந்தப் பம்பைப் பற்றி அவர்கள் பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளையைச் சொல்வது போலத்தான் சொல்வார்கள். பொங்கலுக்கு அதற்கும் மஞ்சள் குங்குமம் உண்டு.

அந்தப் பம்பைக் குறை சொன்னால் கேட்பார்களா?

மிராசு கட்சி மாடு

அறிகுறி ஒன்றும் இல்லாமல் இல்லை. இப்போது நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது, எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

பம்பில் வழிகிற தண்ணீர் வீணாக வேண்டாம் என்று பக்கத்தில் வாழை வைத்தார்கள். இலை ஓரமெல்லாம் கருகிக் கருகிச் செத்தது. கண்ணு பட்டுவிட்டது என்று அடுத்த கன்றுக்குப் பக்கத்தில் கம்பு நட்டுப் பழஞ்செருப்பைக் கட்டினார்கள். அதுவும் போயிற்று. கத்தரி வைத்தார்கள், பூ பிடிக்கவில்லை. பம்படியில் காய்ந்த தரையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். வழக்கமாகத் தண்ணீர் தேங்கும் இடத்தில் தவளைக்குப் பஞ்சமா? அங்கே ஒரு தவளை கத்தி நான் கேட்டதில்லை.

துவரம்பருப்பு வேகாது. கடைக்காரன் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனைத் திட்டுவார்கள். சோப்பு நுரைக்காது. அதற்கும் கடைக்காரன்தான்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை, காத்தாயியின் மாடு. பம்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி வைத்தால் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே பண்ணைக் குளத்துக்கு ஓடும். கலியபெருமாளுக்கு மானக்கேடாக இருக்கும். தெருவில் எல்லோரும் அதற்கு 'மிராசு கட்சி மாடு' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். "இது சூடம் அணைக்கல பாரு, அதான்" என்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்திருக்கிறேன்.

நிலத்தடியில் ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பிற்பாடு விவரம் தெரிந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். காவிரியின் கடைமடை அது. ஆற்றில் தண்ணீர் வந்து வயலில் நின்று பூமிக்குள் இறங்கினால், அது கடல் நீரைத் தள்ளி வைத்திருக்குமாம். மேலே வரத்துக் குறைந்து, கீழே ஆளுக்கு ஆள் எஞ்சின் போட்டு இறைத்தால், கடல் மெல்ல மெல்ல உள்ளே நகரும். அலையடித்துக்கொண்டு வந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். மண்ணுக்கடியில் வந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை.

"என் கையால அணைச்சதுங்க"

திரும்பப் பாக்கியத்திடம் வருகிறேன். அவளை நினைத்தால் எனக்கு அங்கே இங்கே ஓடிவிட்டு அவளிடம் வருவதுதான் சுலபமாக இருக்கிறது.

அதற்கு முன் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. முதலாவது வயிற்றிலேயே அசைவு நின்றுவிட்டது. இரண்டாவது, வலிப்பு வந்து, நினைவு தப்பி, அவள் பிழைத்ததே பெரிய விஷயம் என்று ஆயிற்று. பிள்ளை அழவே இல்லை. இரண்டும் பம்பு வந்ததற்கு அப்புறம்தான். நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தவை. இது மூன்றாவது.

என் பையில் ஸ்பிரிட் விளக்கும் சோதனைக் குழாயும் இருக்கும். சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்போம். தெளிவாக இருந்தால் பயமில்லை. பாக்கியத்துக்கு ஒவ்வொரு முறையும் குழாயில் வெள்ளையாகத் திரண்டது. ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டே போனது. இந்தத் தடவை வலிப்பு வந்தால் இரண்டு உயிரும் மிஞ்சாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

கஞ்சி குடித்த அன்றே டாக்டரிடம் ஓடினேன். நல்ல மனிதர், கொஞ்சம் நிதானம். "தண்ணி உப்புதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. ஆனா நாம உப்ப நிறுத்தச் சொல்லிட்டு, அந்த அம்மா பானை பானையா உப்பக் குடிச்சுக்கிட்டிருந்தா எப்படி? மொதல்ல தண்ணிய மாத்து" என்றார். கர்ப்பிணிக்கு உப்பை அடியோடு நிறுத்தச் சொல்வது அன்றைய பாடம். இன்றைக்கு டாக்டர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். உப்புத் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது என்பதை மட்டும் இப்போது அவர்களும் சொல்கிறார்கள்.

தண்ணீரை மாற்று என்றால் எங்கே போவது? பக்கத்தில் இருக்கிற நல்ல தண்ணீர் ஒன்றுதான். மிராசுதார் குளம். முள்ளையும் அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். "வந்து கேட்டா குடுக்க மாட்டேன்னா சொல்லப்போறேன்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க வேண்டும், அதுதான் அவருக்கு.

கலியபெருமாளிடம் விஷயத்தைச் சொன்னேன். நெடுநெடுவென்று இருப்பார், தெருச் சங்கத்துக்கு அவர்தான் எல்லாம். பம்புக்காக நடையாய் நடந்தவர். நான் சொல்லச் சொல்ல வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு வீட்டுக்குள் போய்ப் பாக்கியம் பக்கத்தில் குந்தினார்.

"நா போயி ஒரு கொடம் கேட்டு வாங்கியாறேன் பாக்கியம். யாரு என்ன சொன்னாலும் சொல்லட்டும்."

"வேணாம்."

"புள்ளக்கி ஆவாதாம்டி. நர்சம்மா சொல்றாங்கல்ல?"

"என் கையால அணைச்சதுங்க. நீங்க கொண்டாந்தா நா குடிக்க மாட்டேன். கொட்டிடுவேன்."

"நீ செத்துப்போனா நா என்னடி பண்ணுவேன்?" என்று கேட்டுவிட்டு அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். போலீஸ் அடித்தபோது வாயைத் திறக்காத ஆள் என்று அவரைச் சொல்வார்கள். பாக்கியம் வீங்கிய கையைத் தூக்கி அவர் முதுகில் வைத்தாள். அப்போதும் குடிக்கிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

கொடிமரத்தடியில்

அன்று சாயங்காலம் கலியபெருமாள் தெருவைக் கூட்டினார். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. நான் சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்றேன்.

"நம்ம பம்புத் தண்ணி உப்பு" என்றார்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "யாரு சொன்னது?"

"நர்சம்மா குடிச்சுப் பாத்தாங்க."

"அவங்க குடிச்சாங்களா? நம்ம வீட்லயா?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. "கலியபெருமாளு, பண்ணையில போயிக் கை நனைச்சிட்டியா? நாளைக்கு மிராசு என்ன சொல்லுவான் தெரியுமா? போராடி வாங்குனீங்களே, உப்புத் தண்ணியத்தான வாங்குனீங்கன்னு சிரிப்பான்."

"சிரிக்கட்டும்" என்றார் கலியபெருமாள். "எனக்கு ரெண்டு புள்ள போயிட்டுது பெரியப்பா. இதுவும் போயிட்டா, அந்தப் பம்ப வச்சிக்கிட்டு நா என்ன செய்ய? உப்பு உப்புன்னு சொன்னாத்தான அடுத்தத கேக்க முடியும்? நல்லாருக்கு நல்லாருக்குன்னு நம்மளே சொல்லிக்கிட்டிருந்தா எவன் வருவான்?"

பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் குரல் வந்தது. "எங்க வீட்ல பருப்பு வெந்து எத்தன நாளாச்சு" என்றாள் ஒருத்தி. "எனக்கும்தான் கால் வீங்குது, வெளிய சொல்லல" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவதாக ஒருத்தி தன் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் துப்புகிறது என்றாள். பிறகு யார் எதைச் சொன்னார்கள் என்று கேட்க முடியவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அத்தனை நாள் ஆளாளுக்கு வாயை மூடி வைத்திருந்திருக்கிறார்கள். பம்புக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று!

காத்தாயி எழுந்து முந்தானையை உதறிக் கட்டினார். "என் மாட்டுக்கு இருந்த புத்தி நமக்கு இல்லாமப் போச்சே" என்றார். அந்தப் பெரியவர்கூடச் சிரித்துவிட்டார்.

ஜெய்த்தூன் பீவியின் கிணறு

முத்துப்பேட்டையில் நான் குடியிருந்தது ஜெய்த்தூன் பீவியம்மா வீட்டு மாடியில். வீட்டுக்காரர் வளைகுடாவில். பிள்ளைகளையும் வீட்டையும் அந்த அம்மாதான் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தார். அவர் வீடு மணல் மேட்டில் இருந்தது. மணலில் இறங்கிய மழைத் தண்ணீர் மேலாகவே தங்குமோ என்னவோ, அவர் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர்.

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். ஒரு கர்ப்பிணிக்குத் தினம் தண்ணீர் வேண்டும், இன்ன தெருவிலிருந்து ஆள் வருவார்கள், அக்கம்பக்கத்தில் ஏதாவது சொல்வார்களோ என்று இழுத்தேன்.

"யா அல்லா, இதுக்கா புள்ள இந்த இழுப்பு இழுக்குற?" என்றார் அந்த அம்மா. "வாயும் வயிறுமா இருக்குற பொண்ணுக்குத் தண்ணி குடுக்க எவகிட்ட நா கேக்கணும்? வந்து எறைச்சுக்கச் சொல்லு. வாளிய மட்டும் கெணத்துக்குள்ள போட்டுட வேணாம்னு சொல்லு. பாதாளக் கரண்டி தேடித் தேடி நான் அலுத்துப் போயிட்டேன்."

தெருவில் வீட்டுக்கு வீடு முறை போட்டுக்கொண்டார்கள். கேரியரில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டி, வாயில் துணி சுற்றி, மேடு பள்ளத்தில் தளும்பாமல் மெதுவாக மிதித்துக்கொண்டு வருவார்கள். கொடிமரத்தடியில் எதிர்த்துப் பேசிய அந்தப் பெரியவர் தன் முறைக்கு மகனை அனுப்பவில்லை, தானே வந்தார். ஒரு நாள் வாளியைக் கிணற்றுக்குள் போட்டதும் அவர்தான்.

முதல் நாள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாக்கியம் முகத்தைச் சுளித்தாள். "என்ன நர்சம்மா இது, தண்ணி வெறும் தண்ணியா இருக்கு? ருசியே இல்லையே."

"அதுக்குப் பேருதான்டி தண்ணி. குடி" என்றேன்.

குடித்தாள். கஞ்சிக்கு, சோற்றுக்கு, எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர். வீக்கம் வடிந்துவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். கால் அப்படியேதான் இருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் வற்றி, பழைய பாக்கியம் தெரிய ஆரம்பித்தாள். சோதனைக் குழாயில் வெள்ளை முன்போல் கெட்டியாகத் திரளவில்லை. ஏறிக்கொண்டே போன ரத்த அழுத்தம் ஏறாமல் நின்றது. அது போதும் என்றார் டாக்டர், இன்னும் சில வாரம் தள்ளினால் போதும். அந்தச் சில வாரமும் நான் தினம் காலையில் அந்தத் தெருமுனையில் திரும்பும்போது மணியைக்கூட அடிக்க மாட்டேன். அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் சைக்கிளை மிதிப்பேன்.

அந்த ரெண்டும்

வலி எடுப்பதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். நானும் கூடவே போய்விட்டேன். பகல் வேளை. வெளியே வேப்ப மரத்தடியில் கலியபெருமாளும் காத்தாயியும். உள்ளே டாக்டரும் நானும். பாக்கியத்துக்கு வலிப்பு வரவில்லை. வந்துவிடுமோ என்று நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண் குழந்தை. சின்னது, ஒரு கைக்குள் அடங்கிவிடும். வெளியே வந்து ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு அழுதது பாருங்கள், அப்படி ஒரு அழுகை!

"அழுவுதா?" என்றாள் பாக்கியம். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"காது கேக்கலையாடி உனக்கு? ஆஸ்பத்திரியே அதிருது."

கண்ணைத் திறந்து பார்த்தாள். குழந்தையை அவள் பக்கத்தில் படுக்க வைத்தேன். அதன் காலைத் தொட்டாள், விரலைத் தொட்டாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நர்சம்மா."

"என்னம்மா?"

"அப்ப அந்த ரெண்டும்?"

கழுவிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தேன்.

"அந்தத் தண்ணியாலதானா? ஒவ்வொரு நாளும் நானே போயி, நானே அடிச்சு, நானே குடிச்சேனே."

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொன்னால் அது பொய்யாக இருக்கலாம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு, நீ ஒண்ணும் செய்யல. உனக்குக் கொடுத்த தண்ணிய நீ குடிச்ச. அவ்வளவுதான்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் அவள் அழுததே இல்லை, கல் நெஞ்சுக்காரி என்று தெருவில் சொல்வார்கள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். நானும் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வேலை பார்க்கிற இடத்தில் அழக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர்கள் பாக்கியத்தைப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுகளக் கூப்பிடுங்க" என்றாள்.

கலியபெருமாள் வந்தார். குழந்தையைத் தூக்கப் பயந்து, குனிந்து குனிந்து பார்த்தார். பாக்கியம் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நாளைக்குத் தண்ணிக்கு யாரு வூட்டு மொற?"

"இப்ப அது என்னத்துக்கு? பெரியப்பா வூட்டு மொற."

"ரெண்டு கொடத்துல ஒண்ண மேலண்ட வீட்டு அஞ்சலைக்கிட்ட எறக்கச் சொல்லுங்க. அவ முழுகாம இருக்கா. வெக்கப்பட்டுக்கிட்டு இன்னும் யாருகிட்டயும் சொல்லல."